பழைய மணியா, புது மணியா

புதிய சாஃப்ட்வேர் பதிப்புக்குப் பத்தூல் கையெழுத்துப் போட்டது வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு. போடும்போதே மனசு ஒப்பவில்லை. ஆனால் அவள் செய்து பார்த்த இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் பச்சை காட்டிக்கொண்டு நிற்கின்றன. போடமாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டாமா? மனசைக் காட்டி முதலாளி ஹாஜியாரிடம் நியாயம் பேச முடியுமா?

"ரெண்டே ரெண்டு நாள் குடுங்க ஹாஜியார்," என்று போடுவதற்கு முன் கேட்டுப் பார்த்தாள். "திங்கக்கிழம ஏத்திக்கலாம்."

"எதுக்கு ரெண்டு நாள்? எது சரியில்லன்னு சொல்லு, நிறுத்திடறேன்."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்னம்மா உனக்கு?"

பக்கத்து மேஜையிலிருந்து ஜவாத் சிரித்தான். "விடுங்க ஹாஜியார். சந்தேகத்தம்மாவுக்குச் சந்தேகம் வரலன்னாதான் சந்தேகப்படணும்."

அந்தப் பட்டப்பெயர் போன வருஷம் ஒட்டிக்கொண்டது. ஒரு சின்னச் சந்தேகத்துக்காகப் புதிய பதிப்பை மூன்று நாள் நிறுத்தி வைத்தாள். கடைசியில் அதில் ஒன்றுமே இல்லை. காத்திருந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்று பொறுமையிழந்து வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. ஹாஜியார் மெக்கி அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்த இடத்துக்கு வேற ஆள்தான் பாக்கணும்" என்று தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். நாற்பத்தொரு வயதில் வேறு வேலை தேட பத்தூலுக்குத் தெம்பில்லை. அதனால் கையெழுத்துப் போட்டாள். 'சந்தேகம் ஏதும் இல்லை' என்ற வரிக்கு நேர் கீழே, கொட்டை எழுத்தில்.

காசாபிளாங்காவில் மாரிஃப் பக்கம் நாலாவது மாடியில் இருந்தது அவர்கள் கம்பெனி. நாடு முழுக்கப் பதினோரு டயாலிசிஸ் நிலையங்கள் அவர்களுடைய சர்வரை நம்பி ஓடின. எந்த நோயாளி எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், ரத்த அழுத்தம் எவ்வளவு, எல்லாம் அதில்தான் ஏறும். எல்லாவற்றையும் விட முக்கியம் தண்ணீர். டயாலிசிஸ் மெஷினுக்குப் போகும் தண்ணீர்க் குழாயில் கிருமி சேரக்கூடாது. அதற்காக மதிய நோயாளிகள் எழுந்து போனபிறகு, மூன்று மணிக்கு, குழாய் முழுக்க ஒரு மருந்தை ஓடவிட்டுக் கழுவுவார்கள். இதை ஆள் செய்வதில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் சுவரில் ஒரு கன்ட்ரோல் பெட்டி இருக்கிறது. தன் கடிகாரத்தில் மூன்று அடித்ததும் அதுவே மருந்தைத் திறந்துவிடும். ஆள் மெஷினில் படுத்திருக்கும்போது அந்த மருந்து ஓடினால் நேரே ரத்தத்துக்குப் போகும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இதுவரை அந்தப் பெட்டிகள் தத்தம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. புதிய பதிப்பின் பெருமையே இதில்தான் இருந்தது: இனி சர்வரே எல்லாப் பெட்டிகளின் கடிகாரத்தையும் ஒன்றாகத் திருத்தி வைக்கும். ஞாயிற்றுக்கிழமை ரமலானுக்காக நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. பதினோரு பெட்டியையும் அங்கங்கே ஆள் வைத்துத் திருத்தாமல் ஒரே சொடுக்கில் முடித்துவிடலாம் என்று ஹாஜியார் நிலையங்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டார். அதனால்தான் இந்த அவசரம்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஜவாத் புதிய பதிப்பை நிஜ சர்வரில் ஏற்றினான். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம், நிலையங்களில் யாரும் அதிகம் தட்டச்சு செய்யமாட்டார்கள் என்று பார்த்துத்தான் அந்த நேரத்தை வைத்திருந்தார்கள். ஒன்று பத்துக்குப் பதினோரு நிலையமும் பச்சையாகிவிட்டன. ஹாஜியார் வெள்ளை ஜில்லாபா அங்கியை மாட்டிக்கொண்டு மசூதிக்குக் கிளம்பினார். ஜவாத்துக்கு மாமியார் வீட்டில் குஸ்குஸ் விருந்து காத்திருந்தது. கிளம்புகிறவன் பத்தூலின் திரையைப் பார்த்து நின்றான்.

"அக்கா, இதப் பாருங்க. தீசி உமாலு. மலை நெட்வொர்க்கக்கூட சரி பண்ணிட்டோம் போல."

தீசி உமாலு அவர்களுடைய பதினோரு நிலையங்களில் உயரமானது, கடைசியானது. அட்லஸ் மலையில், தேவதாரு மரங்களுக்கு நடுவே, ஆறு படுக்கை. அங்கே நர்ஸ் நோயாளியின் ரத்த அழுத்தத்தைப் பதிந்ததும் பெட்டி அதில் நேரத்தைக் குத்தும். சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் பக்கத்தில் தனியாக விழும். மற்ற ஊர்களிலிருந்து நொடியில் வந்துவிடும். தீசி உமாலுவிலிருந்து மட்டும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும். 'மலை நெட்வொர்க் அப்படித்தான்' என்று எல்லோரும் சொன்னார்கள். பத்தூலும் அதையே சொல்லிக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். இப்போது அந்தத் தாமதம் இல்லை. ஒன்று பன்னிரண்டுக்குக் குத்திய பதிவு ஒன்று பன்னிரண்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தது.

"கைராசிக்காரன்டா நீ," என்றாள் பத்தூல். அவன் விசிலடித்துக்கொண்டு படியிறங்கினான்.

சமையலறையில் மற்றவர்கள் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக் குஸ்குஸைத் தனித்தட்டில் வாங்கிக்கொண்டு மேஜைக்கு வருவது மரியாதையில்லை. ஆனாலும் பத்தூல் அப்படித்தான் வந்தாள். பூசணித் துண்டை வாயில் போட்டாள், ருசி தெரியவில்லை. நல்ல செய்திதானே, ஏன் இப்படிக் குடைகிறது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பழைய பதிவுகளைத் திறந்து சும்மா தள்ளிக்கொண்டே போனாள். அறுபது நிமிடத் தாமதம். அறுபது. அறுபது. பனி கொட்டிய ஜனவரியிலும் அறுபது, வெயில் கொளுத்திய ஜூலையிலும் அறுபது. பாழாய்ப்போன நெட்வொர்க் என்றால் ஒருநாள் பத்து நிமிடம், ஒருநாள் நாலு மணி நேரம் என்றல்லவா இருக்கும்? இவ்வளவு ஒழுங்காகத் தாமதமாகும் நெட்வொர்க்கை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. இன்னும் தள்ளினாள். போன ரமலான். அந்த ஒரு மாதம் மட்டும் தாமதமே இல்லை.

தட்டைத் தள்ளி வைத்தாள்.

அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து வருஷக்கணக்காகிறது. ரமலான் மாதம் மட்டும் அது பழைய இடத்துக்குத் திரும்பும். ஆனால் கடிகாரத்தைத் தள்ளினால் ஜனங்களும் தள்ளிப் போய்விடுவார்களா? பத்தூலின் தெருத் தையல்காரர் நாலு மணிக்கு வா என்று சொன்னால், 'பழைய மணியா, புது மணியா' என்று கேட்காமல் யாரும் வாசலை விட்டு இறங்குவதில்லை. மலையிலே கேட்கவே வேண்டாம். அங்கே பாதிப் பேர் பழைய மணியை விட்டு நகரவே இல்லை.

நெட்வொர்க்கில் கோளாறே கிடையாது. தீசி உமாலுவின் பெட்டி பழைய மணியில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதை இன்றைக்கு ஒன்று பத்துக்கு இவர்கள் புது மணிக்கு இழுத்துவிட்டார்கள். நர்ஸ், நோயாளிகள், அவர்களைக் கூட்டிவரும் வேன், எல்லாம் இன்னும் பழைய மணியில். பெட்டி மட்டும் புது மணியில். மதிய நோயாளிகள் எழுந்திருப்பது பழைய மணிக்கு இரண்டரை. பெட்டி மருந்தைத் திறக்கப்போவது புது மணிக்கு மூன்று. அதாவது அவர்களுக்கு இரண்டு. இன்னும் அரை மணி நேரம் பாக்கியிருக்க, ஆறு பேர் உடம்பில் குழாயோடு படுத்திருப்பார்கள்.

திரையின் மூலையைப் பார்த்தாள். இரண்டு நாற்பது.

ஹாஜியாருக்கு அடித்தாள். அணைத்து வைத்திருந்தார். ஜவாத்துக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். சர்வரைப் பழையபடி திருப்ப அவர்கள் இருவரிடம்தான் சாவிச்சொல் இருந்தது. சோதிப்பவர் நிஜ சர்வரைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும் செய்யலாம் என்று விதி. அந்த விதியை எழுதியவள் பத்தூல்தான். அடிப்பாவி, உனக்கு இதுவும் வேணும் இன்னமும் வேணும் என்று தன்னைத்தானே வைதுகொண்டே தீசி உமாலுவின் எண்ணைத் தேடினாள்.

மூன்றாவது தடவை அங்குள்ள நர்ஸ் எடுத்தாள்.

"இஜ்ஜா அக்காவா? நான் பத்தூல், காசாபிளாங்காவுல இருந்து. கம்ப்யூட்டர் கம்பெனி."

"அட, பத்தூலா. சலாம் தங்கச்சி. சொகமா இருக்கியா? வீட்டுல எல்லாரும் சொகமா? அம்மாவுக்கு முட்டிவலி எப்படி?"

"எல்லாரும் சொகம். அக்கா, அங்க மணி என்ன?"

"பிள்ளைங்க படிக்குதா?"

"அக்கா, மணி."

நலம் விசாரிப்பதை வெட்டினால் மலைக்காரர்களுக்கு முகம் சுருங்கிவிடும். "ஒண்ணு நாப்பத்தேழு," என்றாள் இஜ்ஜா. "ஏன், உங்க ஊர்ல கடிகாரம் கெடைக்கறதில்லையா?"

பத்தூலின் திரையில் இரண்டு நாற்பத்தேழு.

"தண்ணிப் பெட்டியில என்ன காட்டுதுன்னு பாத்துச் சொல்லுங்க. சீக்கிரம், கெஞ்சிக் கேக்கறேன்."

செருப்புச் சத்தம் போய்த் திரும்பியது. "ரெண்டு நாப்பத்தெட்டுன்னு காட்டுது. யாரு இதத் தொட்டது? சாவி வெச்சிருக்கற மோஹா தொடமாட்டானே."

"நாங்க மாத்திட்டோம் அக்கா. இங்கேர்ந்தே. தெரியாம. மூணு மணிக்கு அது மருந்தத் தெறந்துடும்."

"எங்க மூணா, உங்க மூணா?"

"பெட்டியோட மூணு. இன்னும் பன்னெண்டு நிமிஷம்."

"ஆறு பேர் படுத்திருக்காங்க தங்கச்சி," என்றாள் இஜ்ஜா. குரல் தணிந்திருந்தது, அவர்கள் காதில் விழக்கூடாது என்று.

"பெட்டியில நிறுத்தற பொத்தான் இல்லையா?"

"பூட்டுக்குள்ள இருக்கு. சாவி மோஹாகிட்ட. அவன் தொழுகை முடிச்சு சாப்பிட வீட்டுக்குப் போயிட்டான்."

"வயரப் பிடுங்க முடியுமா?"

"சுவத்துக்குள்ள போகுது."

"ஆறு பேரையும் கழட்டினா?"

"ஒரு ஆளுக்கு ரத்தத்தத் திருப்பி ஏத்தவே அஞ்சு நிமிஷம் ஆகும். இங்க நானும் இன்னொரு பொண்ணும்தான்." அவள் மூச்சு விடுவது கேட்டது. பத்தூல் அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். பிறகு இஜ்ஜா சாதாரணமாகச் சொன்னாள், "மெயின இறக்கிடறேன். கரண்டே இல்லன்னா பெட்டி என்ன செய்யும்?"

"மெஷினும் நின்னுடுமே அக்கா. உள்ள ரத்தம் ஓடிக்கிட்டிருக்கு."

"நீ பனிக்காலத்துல இங்க வந்ததில்ல. வாரத்துல ரெண்டு தடவ கரண்ட் போகும். மெஷினுக்குப் பின்னால கைப்பிடி இருக்கு, சுத்திக்கிட்டே இருந்தா ரத்தம் நிக்காது. கூட வந்தவங்க சுத்துவாங்க. ஹம்மு பெரியவர் தன்னோடத தானே சுத்திக்குவார், இன்னொருத்தர தொடவிடமாட்டார். நீ போன வை."

"அக்கா, ஆன உடனே எனக்கு..."

அதற்குள் இஜ்ஜா போனை வைத்துவிட்டாள். மறுபடி அடித்தபோது லைன் செத்திருந்தது, மெயினோடு நிலையத்தின் போனும் போயிருக்க வேண்டும். அல்லது வேறு எதுவோ.

இரண்டு ஐம்பத்து நாலுக்கு, திரையில் தீசி உமாலு சிவப்பானது. 'தொடர்பு இல்லை.'

இத்தனை வருஷத்தில் சிவப்பைப் பார்த்துப் பத்தூல் சந்தோஷப்பட்டதில்லை. இப்போதும் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. மெயினை இறக்கியதால் சிவப்பா, நெட்வொர்க் மட்டும் போய்ச் சிவப்பா? நெட்வொர்க் மட்டும் போயிருந்தால் பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மூன்று அடிக்கும். மருந்தைத் திறக்கும். இங்கிருந்து ஒன்றும் தெரியாது. இஜ்ஜாவின் கைபேசிக்கு அடித்தாள். நிலையத்துக்குள் சிக்னல் வராது, வாசலுக்கு வந்தால்தான் பேச முடியும் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் அடித்தாள். இரண்டு ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. சமையலறையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். அவளுக்கு எழுந்துபோய் அந்தத் தட்டைக் கவிழ்க்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. மூன்று ஆனது. மூன்று ஒன்று ஆனது. திரையில் மற்ற பத்து நிலையங்களும் மருந்துக் கழுவலைத் தொடங்கிவிட்டன, ஒழுங்காக, பச்சையாக. தீசி உமாலு சிவப்பாகவே இருந்தது.

மூன்று ஐந்துக்கு ஹாஜியார் அத்தர் வாசனையோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "மலை மறுபடியும் படுத்துடுச்சா? அந்த நெட்வொர்க்க வெச்சுக்கிட்டு..."

"நெட்வொர்க் இல்ல ஹாஜியார்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர் ஜில்லாபாவோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தன பேரு?"

"ஆறு."

"இருக்காங்களா?"

"தெரியல."

அவர் நேரே ஜவாத்தின் மாமனாருக்கே அடித்தார். இரண்டே நிமிடத்தில் ஜவாத், மாமியார் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, மடிக்கணினியில் சர்வரைப் பழையபடி திருப்ப ஆரம்பித்தான். போனில் அவன் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. சந்தேகத்தம்மா என்று இப்போது அவன் கூப்பிடவில்லை.

மூன்று பத்தொன்பதுக்குப் பத்தூலின் போன் அடித்தது.

"நான்தான், இஜ்ஜா. வாசல்ல நிக்கறேன், குளிருது. ஆறு பேரும் நல்லாயிருக்காங்க. மோஹா சாவியோட ஓடி வந்துட்டான், வாயில குஸ்குஸோட. பெட்டிய உள்ளேயே அணைச்சாச்சு. ஒரு சொட்டு மருந்து எறங்கல. இப்பத்தான் மெயினப் போட்டோம்."

பத்தூல் நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டாள். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஹாஜியார், முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டு.

"ஏன் தங்கச்சி, ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? ஞாயித்துக்கெழம நீங்களே எங்க மணிக்கு எறங்கி வந்திருப்பீங்களே."

காலையில் அவள் கேட்டதும் அதே இரண்டு நாள்தான். கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதுதான் யோசித்தாள். ரமலானில் இரண்டு மணியும் ஒன்றாகியிருக்கும். எதுவும் தெரிந்திருக்காது. பெருநாள் முடிந்து நாட்டின் கடிகாரம் முன்னால் போன மறுநாள், யாரும் திரையைப் பார்த்துக்கொண்டிராத நேரத்தில், பெட்டி மருந்தைத் திறந்திருக்கும்.

"எங்களுக்குத் தெரியாது அக்கா, உங்க பெட்டி பழைய மணின்னு."

"தெரியாதா? நான் எழுதினேனே. பெட்டி மாட்டின மொத நாளே, அந்தச் சின்னக் கட்டத்துல எழுதினேனே."

"எந்தக் கட்டம்?"

"குறிப்புன்னு போட்டிருக்குமே, அது. யாரும் படிக்கறதில்லையா அத?"

குறிப்புக் கட்டம். நிஜ சர்வரின் தகவல்களைச் சோதனை சர்வருக்கு நகலெடுக்கும்போதெல்லாம் அந்தக் கட்டத்தை முழுக்கக் காலி செய்துவிடச் சொன்னது அவள்தான். நர்ஸ்கள் அதில் நோயாளிகளின் பெயர், வியாதி, வீட்டுச் சண்டை வரைக்கும் எழுதி வைக்கிறார்கள், வெளியே போனால் தப்பு என்று. சரியான காரணம்தான். ஹாஜியார்கூட அன்றைக்குப் பாராட்டினார். காலியான கட்டங்களை வைத்துக்கொண்டு அவள் இருநூற்றுப் பன்னிரண்டு சோதனை செய்து, எல்லாம் பச்சை என்று கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

போனை வைத்துவிட்டு நிஜ சர்வரில் தீசி உமாலுவைத் திறந்தாள். பார்க்க அனுமதி உண்டு. இத்தனை நாள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"அறிக்கையில நெட்வொர்க் கோளாறுன்னு போட்டுடு," என்றார் ஹாஜியார் பின்னாலிருந்து. "முன்னெச்சரிக்கையா நிறுத்தினோம்னு எழுது. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

பத்தூல் நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள். அவர் குனிந்து படித்தார்.

'சலாம். எங்கள் பெட்டி பழைய மணியில் ஓடுகிறது. நோயாளிகளின் வேன் பழைய மணிக்குத்தான் வரும். தயவுசெய்து யாரும் கடிகாரத்தைத் தொட வேண்டாம். படித்தவர் ஒரு வரி பதில் போடவும். இஜ்ஜா, நர்ஸ்.'

அதற்குக் கீழே, நாலு மாதம் கழித்து: 'சலாம். பதில் வரவில்லை. படித்தீர்களா?'

அதற்குக் கீழே, போன வருஷம்: 'படித்தீர்களா?'

ஹாஜியார் மூன்றையும் இரண்டு தடவை படித்தார். "நெட்வொர்க்னு போட வேண்டாம்," என்றார்.

"காரணம்கிற எடத்துல, குறிப்புக் கட்டத்தக் காலி பண்ணினது நான்னு எழுதப்போறேன்," என்றாள் பத்தூல். "வேலை போனாலும் போகட்டும். அதுக்கு முன்னாடி நான் ஒரு வரி எழுதணும், நிஜ சர்வர்ல. விதிப்படி நான் தொடக்கூடாது. உங்க சாவிச்சொல்லப் போடுங்க."

அவர் கை நீட்டி, அவள் பார்க்காதபடி விசைப்பலகையை மறைத்துக்கொண்டு, மெதுவாகத் தன் சாவிச்சொல்லைத் தட்டினார். கட்டம் திறந்தது. மூன்றாவது குறிப்புக்குக் கீழே பத்தூல் தட்டினாள்:

'சலாம் அக்கா. இன்றைக்குத்தான் படித்தேன். பத்தூல்.'